மலையகத்துல குட்டிக் கோச்சிப் பட்டறை நடத்துறது எப்படி

மொடல் கோச்சி செய்யணும்னு கேட்டு வர்ற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதல்ல சொல்றது ஒன்னுதான், நம்ம இலங்கைக் கோச்சிய, அதாவது நம்ம ரயில, செய்யுங்க. ஐரோப்பா ரயில், ஜப்பான் ரயில் எல்லாம் பெரிய கொம்பனிங்க நிறைய சல்லி போட்டு இரும்பு அச்சு வெட்டி அடிச்சுத் தள்ளுறாங்க, அதோட நாம மோத முடியாது, மோதவும் தேவையில்ல. ஆனா கனடாக்காரங்க 1954 தொடக்கம் நமக்குக் குடுத்த எம் 2 எஞ்சின், அல்பர்ட்டா ஒன்டாரியோன்னு அவங்க மாகாணப் பேர தாங்கிக்கிட்டு ஓடினது, அது விளையாட்டுச் சாமான் கடையில கெடைக்காது. ஜெர்மனியோட எம் 6, சீனாவுல இருந்து 2012ல வந்த நீல எஸ் 12, இதெல்லாம் அப்படித்தான். ஸ்டேஷன் ஓரத்து லயத்துல பொறந்து பொடி மெனிக்கே கோச்சி போற சத்தத்த வச்சு நேரம் பாத்தவங்களுக்கு அதோட மூஞ்சி எப்படி இருக்கும்னு நல்லாத் தெரியும், கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கீழ எறங்கினாலும் கண்டுபிடிச்சிருவாங்க. நம்ம பலமே அந்தக் கண்ணுதான்.

அதுக்காக எல்லாத்தையும் நீங்களே செய்யணும்னு இல்ல. எஞ்சின் பொடி (வெளிக்கூடு), பெட்டியோட பொடி, ஸ்டேஷன், பாலம், இதெல்லாம் பட்டறையில செய்யுங்க. சக்கரம், அச்சு, மோட்டர், தண்டவாளம் இதெல்லாம் வாங்குங்க. சக்கரத்த நாமளே கடைஞ்சு எடுக்கிறேன்னு லேத் வாங்கி அதுலயே சல்லியும் காலமும் போய் முடங்கின பட்டறைகள் இருக்கு. சக்கரம் வட்டமா, நடுவுல ஓட்டை சரியா, எல்லாம் ஒரே சைசா வரணும்னா அதுக்குன்னு மெஷின் வச்சிருக்கிறவன் செய்யட்டும்.

அடுத்தது அளவு. இதுலதான் நிறையப் பேர் யோசிக்காம குதிச்சிடுறாங்க. உலகத்துல அதிகமா ஓடுறது எச்ஓங்கிற அளவு, அதாவது 1:87, நெசத்துல 87 மி.மீ. மொடல்ல 1 மி.மீ., தண்டவாளத்துக்கு நடுவுல 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பா பாதைக்குப் போட்ட கணக்கு. நம்ம பாதை அகலப் பாதை, அஞ்சரை அடி, 1676 மி.மீ. அத 1:87ல செஞ்சா 19.3 மி.மீ. தண்டவாளம் வேணும், கடையில வாங்க ஏலாது. நிறையப் பேர் 1:87 பொடிய செஞ்சு 16.5 தண்டவாளத்துல ஏத்திடுறாங்க, முன்னாலருந்து பாத்தா எஞ்சின் ஒடுக்கமான கால்ல நிக்கிற மாதிரி தெரியும். என் கருத்து என்னன்னா 1:100 எடுங்க. 1676ஐ நூறால வகுத்தா 16.76, கடையில விக்கிற 16.5 தண்டவாளத்தோட கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. கணக்கும் லேசு, நெசத்துல ஒரு மீட்டர்னா மொடல்ல ஒரு சென்டிமீட்டர், பக்கத்துல உக்காந்து வேலை செய்யிற பிள்ளைக்கு கல்குலேட்டரே தேவையில்ல. வெளிநாட்டு எச்ஓ ரயிலோட சேத்து வச்சு பாக்கிற ஆளுங்களுக்கு கொஞ்சம் சின்னதா தெரியும், அது உண்மை, அதனால பொக்ஸ் மேலயே 1:100னு பெருசா போட்டுருங்க.

நானுஓயாவுல இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியா இராகலைக்கு ஒரு காலத்துல ஓடின உடப்புசல்லாவை சின்னப் பாதை தெரியும்தானே, 1903லயும் 1904லயும் தொறந்து 1940கள்ல மூடினது. அது ரெண்டரை அடி, 762 மி.மீ. அத செய்யணும்னா மட்டும் 1:87 எடுங்க, ஏன்னா ‘N’ ஸ்கேல்னு சொல்ற இன்னும் சின்ன மொடலுக்கு விக்கிற 9 மி.மீ. தண்டவாளம் அப்படியே பொருந்தும். அந்தப் பாதைய கண்ணால பாத்தவங்க இப்ப ரொம்பக் கொறவு, அவங்க சொல்றத கேட்டு எழுதி வச்சுக்கிட்டு செஞ்சா அது வெறும் பொம்மையா இருக்காது.

அளவெடுக்கிறது. பழைய எஞ்சின்கள்னா கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குப் போங்க, டேப் எடுத்துக்கிட்டு, ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு, அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு அளங்க. ஓடுற எஞ்சின்னா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட அனுமதி கேட்டு பிளாட்போர்ம்ல நின்னு படம் எடுங்க, தண்டவாளத்துக்குள்ள எறங்கி செல்பி ஆளுங்க மாதிரி நிக்காதீங்க, அது குத்தமும்தான் உயிருக்கு ஆபத்தும்தான். படம் எடுக்கிறப்ப கிட்டப் போய் எடுத்தா ஓரமெல்லாம் வளையும், தூரத்துல நின்னு சூம் பண்ணி, எஞ்சின் நடுவுக்கு நேரா நின்னு எடுங்க. அப்புறம் தெரிஞ்ச ஒரு அளவ வச்சு மத்தத கணக்குப் பண்ணலாம். எம் 2வோட சக்கரம் புதுசுல 40 அங்குலம், 1016 மி.மீ., தேய்ஞ்சா கொஞ்சம் கொறையும், ஆனா தொடங்க அது போதும். முன்பக்கப் படத்துக்கு தண்டவாள அகலமே 1676னு இருக்கு. அப்படி வந்த அளவ பென்ஷன் எடுத்த ஒரு எஞ்சின் டிரைவர்கிட்ட காட்டுங்க, எல்லா டவுன்லயும் யாராவது ஒருத்தர் இருப்பாரு. "கெப் (டிரைவர் அறை) ஜன்னல் இவ்வளவு ஒசரமில்ல தம்பி, நான் கைய வச்சா முழங்கை இங்க வரும்"னு அவர் சொல்றது எந்தப் படத்துலயும் இருக்காது. ஒரே வகை எஞ்சின்லயும் நம்பருக்கு நம்பர் வித்தியாசம் இருக்கு, பெயிண்ட் அடிச்ச வருசத்துக்கு வருசமும் மாறும், அதனால ‘எம் 2’னு பொதுவா செய்யாதீங்க, இந்த நம்பர், இந்தக் காலம்னு முடிவு பண்ணிட்டு செய்யுங்க.

செய்யிற முறை ரெண்டு இருக்கு. ஒன்னு ரெசின் (எறுகிக் கெட்டியாகிற பிசின்) த்ரீடி பிரிண்டர், ஒவ்வொன்னையும் பிரிண்ட் பண்ணி எடுக்கிறது. இன்னொன்னு ஒரே ஒரு மாஸ்டர, அதாவது மூல மாதிரிய, சுத்தமா செஞ்சு, சிலிக்கன் ரப்பர்ல அச்சு எடுத்து, அதுல ரெண்டு பகுதி ரெசின ஊத்தி வார்க்கிறது. அஞ்சாறு பீஸ்னா பிரிண்ட் பண்ணுங்க, அதுக்கு மேல ஓடர் வந்தா வார்ப்புதான் மலிவு, வேகமும் கூட. பிளாஸ்டிக் கம்பிய உருக்கிப் போடுற சாதாரண பிரிண்டர்ல எஞ்சின் பொடி செய்யாதீங்க, இந்தச் சைசுல வரி வரியா தெரியும், தேய்ச்சு தேய்ச்சு கதவு கைப்பிடி எல்லாம் போயிரும். அந்த மெஷின் பாலத்துக்கும், ஸ்டாண்டுக்கும், பொக்ஸுக்குள்ள வைக்கிற தொட்டிலுக்கும் நல்லது. கைப்பிடிக் கம்பிங்கள அச்சுலயே எடுக்கப் பாக்காதீங்க, நெசத்துல 25, 30 மி.மீ. தடிப்பான கம்பி 1:100ல கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும், வயர் கேபிளுக்குள்ள இருக்கிற மெல்லிசு செம்புக் கம்பிய இழுத்து நேராக்கி துளையில சொருகி ஒட்டினா உடையாது, பாக்கவும் அழகு.

இப்ப வர்றதுதான் கொழும்புல இருக்கிறவன் சொல்லித் தராத விஷயம், நம்ம காலநிலை. யூடியூப்ல காட்டுற முறையெல்லாம் 25 டிகிரி ரூம்ல செய்யிறது. நுவரெலியாவுல வருச சராசரியே 16 டிகிரி பக்கம்தான், ராவுல இன்னும் எறங்கும். பிரிண்டர் ரெசின் குளிர்ல தேன் மாதிரி தடிச்சிரும், தட்டுல ஒட்டாது, பாதில பிஞ்சு விழும், அப்புறம் மெஷின் சரியில்லன்னு மெஷின திட்டுவாங்க. போத்தல சுடுதண்ணி பாத்திரத்துல வச்சு இளஞ்சூடாக்கி நல்லா குலுக்கி ஊத்துங்க, பிரிண்டர சுத்தி ரெஜிபோர்ம்ல (வெள்ளை நுரைப் பலகை) ஒரு பெட்டி மாதிரி அடிச்சு உள்ள 25 டிகிரி பக்கம் நிக்கிற மாதிரி சின்னதா ஒரு ஹீட்டர் வைங்க, மலிவு தெர்மோஸ்டாட் ஒன்னு போட்டா கரண்டும் மிச்சம்.

வார்க்கிற பொலியூரித்தேன் ரெசினுக்கு குளிர விட ஈரம் பெரிய எதிரி. அந்த ரெசின் காத்துல உள்ள தண்ணிய பிடிச்சு நுரைச்சிரும், பொடிக்குள்ள பூரா முட்டை முட்டையா வரும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், தலவாக்கலை பக்கம் பனியும் மழையும் விடாது, அந்தக் காலத்துல போத்தல தொறந்தா ஊத்தின கையோட மூடணும், பாதி போத்தல் மிஞ்சினா சிலிக்கா ஜெல்லோட காத்துப் போகாத டப்பாவுல வைக்கணும், கலக்கிற குச்சி மரக்குச்சியா இருக்கக் கூடாது, மரம் ஈரத்த உறிஞ்சி வச்சிருக்கும், பிளாஸ்டிக் குச்சி எடுங்க. அச்ச ஊத்துறதுக்கு முன்ன ஹெயார் டிரையர்ல சூடாக்கி, உள்ள கொஞ்சம் பேபி பவுடர் தூவி தட்டி விட்டா மூலையில காத்து நிக்காது. பதுளை, பண்டாரவளை பக்கம் ஆளுங்களுக்கு இது தலைகீழ், அங்க நடு வருசம் காஞ்சு கெடக்கும், ஒக்டோபருக்கு அப்புறம்தான் மழை. அதனால ரெண்டு பக்கத்துலயும் கூட்டாளி வச்சுக்கிட்டு மழைக்கு ஏத்த மாதிரி வார்ப்பு வேலைய மாத்தி மாத்திக் குடுக்கிறது நல்ல யோசனை. ரெசின் வார்க்க முடியாத மாசத்துல மழைப் பக்கத்து ஆளு பெயிண்டுக்கு முந்தின வேலைங்க, தேய்க்கிறது, கம்பி சொருகிறது, பொக்ஸ் ஒட்டுறது இதெல்லாம் செய்யலாம்.

பிளாஸ்டிக் கம்பி ரோலும் ஈரம் குடிக்கும், பிரிண்ட் பண்றப்ப படபடன்னு சத்தம் கேட்டா அதுதான், பிஎல்ஏங்கிற வகைப் பிளாஸ்டிக் ரோல்னா 45, 50 டிகிரில நாலஞ்சு மணித்தியாலம் காய வைங்க. மரநார அமுக்கிச் செஞ்ச எம்டிஎப் பலகைய கீழ்த்தட்டுக்கு எடுக்காதீங்க, ஓரத்துல ஊறிப் பொங்கிரும், தோட்டத்துல வெட்டின டர்பன்டைன் மரத்த நல்லா காயவச்சு எடுத்தா அதோட நிறமே ஒரு அழகு. பச்சையா எடுத்தா ரெண்டு மாசத்துல முறுக்கிரும், அதையும் சொல்லிடுறேன்.

பெயிண்ட். மூடுபனி நேரத்துல ஸ்ப்ரே அடிச்சா மேல வெள்ளைப் பூச்சி படியும், தின்னர் ஆவியாகிறப்ப மேல்பக்கம் குளிர்ந்து காத்துல உள்ள தண்ணி அதுல எறங்குறதுதான் காரணம். காலையில பத்து மணிக்கு அப்புறம் வெயில் ஏறின பொழுது ரெண்டு மணி வரைக்கும், அந்த நேரத்துல மட்டும் ஸ்ப்ரே பண்ணுங்க. டின்ன இளஞ்சூட்டுத் தண்ணில வைக்கலாம், அடுப்புல, கொதிதண்ணில வச்சிராதீங்க, வெடிச்சிரும். வெள்ளை எழுத்து ஒரு தலைவலி, சாதாரண பிரிண்டர் வெள்ளை மையே அடிக்காது. அதுக்கு ரெண்டு வழி, வெள்ளை டிகால் (ஒட்டுப்படம்) கடதாசில எழுத்தச் சுத்தி பொடி நிறத்த அடிச்சு வெட்டி ஒட்டுறது, இல்லன்னா முதல்ல வெள்ளைய பூசி வைனல் எழுத்த ஒட்டி அதுக்கு மேல நிறத்த அடிச்சு பிறகு வைனல உரிக்கிறது. ரெண்டாவதுதான் நல்லா நிக்கும். ஸ்டேஷன் பலகை செய்யிறப்ப மூனு மொழியும் சரியா எழுதுங்க, தமிழ் எழுத்த யாரோ தெரியாதவங்ககிட்ட குடுத்து ‘ஹட்டன்’ல புள்ளி இல்லாம அடிச்சு வித்தா அது நமக்கே கேவலம்.

பாதுகாப்பு பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க நிறையப் பேர் வேலை செய்யப் போறது லயத்துக் காம்பராவுல, ஒரே அறையில பிள்ளைங்க தூங்கும், அடுத்த பக்கம் விறகடுப்பு எரியும். அப்படியான இடத்துல ரெசினும் தின்னரும் வேணாம், வேணவே வேணாம். வெளில தகரம் அடிச்சு ஒரு சின்ன சாய்ப்பு போடுங்க, ரெண்டு பக்கமும் காத்து போகணும், ஒரு எக்ஸோஸ்ட் பேன். ரெசின் தொடுறப்ப நைட்ரைல் கையுறை, ஆவிக்கு காபன் வடிகட்டி போட்ட மாஸ்க், வெறும் துணி மாஸ்க் தூசிக்கும் சரிவராது ஆவிக்கும் சரிவராது. காஞ்ச ரெசின தேய்க்கிறப்ப தண்ணி போட்டு ஈரமா தேய்ங்க. பிரிண்ட் கழுவின அல்கஹோல கான்ல ஊத்தக் கூடாது, அந்தக் கான் போய்ச் சேர்ற ஆத்துலதான் கீழ்த்தோட்டத்துல குடிதண்ணி எடுக்கிறாங்க. அத கண்ணாடிப் போத்தல்ல வெயில்ல வச்சா ரெசின் எறுகி அடியில படியும், மேல தெளிஞ்சத திரும்பப் பாவிக்கலாம், படிஞ்சத நல்லா எறுகின பிறகு குப்பையில போடலாம். இடி இடிக்கிறப்ப மெஷின் பிளக்க கழட்டுங்க, மலைல லைன்ல வர்ற இடி போர்டையே எரிச்சிரும்.

ஓடுற மொடலா, சும்மா வைக்கிற மொடலா? முதல்ல வைக்கிற மொடல். டூரிஸ்ட் ஆளு எல்லவுல வாங்கிட்டுப் போறது மேசைல வைக்கத்தான். கை பழகி, உங்க பொடி எல்லாம் ஒரே மாதிரி வருதுன்னு ஆன பிறகு மோட்டருக்கு வாங்க. அப்ப கணக்கு இப்படி, மலைல கோச்சி போற வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்னு வச்சா செக்கனுக்கு 8.3 மீட்டர், 1:100ல 83 மி.மீ. 10 மி.மீ. சக்கரம் ஒரு சுத்துக்கு 31 மி.மீ. சொச்சம் போகும், அப்ப நிமிசத்துக்கு 160 சுத்து பக்கம் வேணும். அதனால கியர் பொட்டியோட வர்ற ‘N20’ங்கிற சின்ன மோட்டர், 12 வோல்ட், 200 சுத்து வகை எடுத்தா கொஞ்சம் வோல்ட் கொறச்சு ஓட்டலாம், புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுல தேடினா கெடைக்கும். விளையாட்டுக் காரு மோட்டர நேரா மாட்டினா கோச்சி பறக்கும், மலைக் கோச்சி அப்படி பறந்தா பாக்கிறவனுக்கு ஒட்டாது. சக்கரம் ரெண்டுக்கும் உள்பக்க இடைவெளிய கலிப்பர்ல பாருங்க, 16.5 தண்டவாளத்துக்கு 14.4 மி.மீ. பக்கம் இருக்கணும், தடம் பொறளுற முறைப்பாடுல பெரும்பாலும் இதுதான் விஷயம்.

பாதையும் சேத்துக் கேக்கிற வாடிக்கையாளர் வருவாங்க. மலைப் பாதையோட நெருக்கமான வளைவு அஞ்சு செயின், நூறு மீட்டர் ஆரை, மொடல்ல ஒரு மீட்டர், அப்ப ஒரு வட்டத்துக்கே ரெண்டு மீட்டர் மேசை. வீட்டு மேசைக்கு அது வராது, 45 சென்டிமீட்டர் ஆரைக்கு சுருக்கணும், அத முன்கூட்டியே சொல்லிருங்க. ஏத்தம் நெசத்துல 44க்கு 1. தெமோதரைல பாதை சுத்தி வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியில சுரங்கத்துல நுழையிதில்லையா, அத மேசைல செய்யணும்னு எல்லாரும் கேப்பாங்க. கீழ கோச்சி போக 7 சென்டிமீட்டர் ஒசரம் வேணும்னா 44க்கு 1 ஏத்தத்துல 3 மீட்டருக்கு மேல பாதை ஓடணும், அந்த நீளத்த முதல்ல அளந்துட்டு மேசை அடிங்க. ஒன்பது வளைவுப் பாலம் 1921ல கட்டினது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் ஒசரம், 1:100ல 91க்கு 24 சென்டிமீட்டர், ஒரு தட்டுல வைக்க அளவெடுத்த மாதிரி இருக்கு. ஆனா பாலம் நேரா இல்ல, வளைஞ்சு போகும், நேரா செஞ்சு விக்கிறத பாத்தா எனக்கு மனசு கேக்காது. கைகாட்டி சிக்னல், கோச்சி போக அனுமதியா குடுக்கிற டேப்லட் வளையம் மாத்துற ஸ்டேஷன் மாஸ்டர், பாதை ஓரத்து லயம், கூடையோட நிக்கிற அக்காமாரு, இதெல்லாம் தனித்தனியா சின்னப் பைக்கெட்ல போட்டா நல்லா போகும். எங்க பாட்டன் பூட்டன் வெட்டின மலைல ஓடுற பாதை இது, 1885ல நானுஓயா வந்து 1924லதான் பதுளைய தொட்டுச்சு, அவ்வளவு வருசம் வேலை செஞ்சவங்கள மொடல்ல விட்டுறக் கூடாது.

விலை போடுறதுல வெக்கப்படாதீங்க. சாமான் காச மட்டும் கூட்டி அதுல கொஞ்சம் வச்சு விக்கிறது வேலை செய்யிற கைக்குச் செய்யிற அநியாயம். உதாரணத்துக்கு சாமான் 1500 ரூபா, ஆறு மணித்தியால வேலை மணிக்கு 400னா 2400, பிழைச்சுப் போற பீஸுக்கு பத்துல ஒரு பங்கு 390, பொக்ஸும் கரண்டும் 400, அப்பவே 4690. கடைக்காரன் கொமிஷன் விக்கிற விலைல இருந்து எடுப்பான், அடக்க விலைல இருந்து இல்ல, நூத்துக்கு 30 கேட்டா 4690ஐ 0.7ஆல வகுங்க, 6700. அதுக்கு மேலதான் உங்க லாபம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி பெயிண்ட் அடிக்க வந்தா அவங்களுக்கு பீஸ் கணக்கு இல்லாம மணிக் கணக்குல குடுங்க, பீஸ் கணக்குல அவசரப்பட்டு வேலை கெடும், தோட்டத்துல கிலோ கணக்குல பட்டது போதும்.

வியாபாரப் பேர பிரதேச செயலகத்துல பதிஞ்சுக்கோங்க, பேங்க் கணக்கு தொறக்கவும் வெளிநாட்டு ஓடருக்கும் அது வேணும். ரயில்வே சின்னத்த பொக்ஸ்ல அச்சடிக்கிறதுக்கு முன்ன திணைக்களத்துக்கு கடிதம் எழுதிக் கேளுங்க. சின்னச் சின்ன பாகம் இருக்கிறதால மூனு வயசுக்குக் கீழ பிள்ளைங்களுக்கு இல்லன்னு மூனு மொழிலயும் போடணும்.

அனுப்புறது. பஸ்ல பார்சல் போனா வளைவுக்கு வளைவு உருளும், பொக்ஸுக்குள்ள எஞ்சின் ஒரு பக்கமும் அசையாத மாதிரி தொட்டில் செஞ்சு வைங்க, மூடி நீங்களே குலுக்கிப் பாருங்க, சத்தம் கேட்டா திரும்பப் பிரிங்க. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரில இளகிரும், கொழும்புல வெயில்ல நிக்கிற வேனுக்குள்ள அந்தச் சூடு வரும், அதனால பாலம், ஸ்டாண்ட் போற பார்சல்ல வெயில்ல வைக்க வேணாம்னு எழுதுங்க.

ஒவ்வொரு மொடலுக்கும் அடியில நம்பர் போட்டு, நோட்டுல எந்த அச்சுல வார்த்தது, என்ன பெயிண்ட், யாருக்குப் போச்சுன்னு எழுதுங்க. சிலிக்கன் அச்சு 20, 30 தடவைக்கு அப்புறம் ஓரம் கிழியத் தொடங்கும், எத்தனையாவது வார்ப்புன்னு தெரிஞ்சாத்தான் மாத்துற நேரம் தெரியும். மாஸ்டர வாடிக்கையாளருக்கு வித்துறாதீங்க, பஞ்சுல சுத்தி காஞ்ச டப்பாவுல வைங்க. ரெண்டு வருசம் கழிச்சு கனடாவுல இருந்து ஒருத்தர் ஏணிப்படி உடைஞ்சிருச்சுன்னு எழுதினா, நோட்ட பாத்து அதே நிறத்துல ஒன்ன செஞ்சு கடித உறையில போட்டு அனுப்பலாம், அடுத்த எஞ்சினையும் அவர் உங்ககிட்டதான் வாங்குவாரு.